மாலை நாலேகால்

"மாடுகள் வீடு திரும்பும்வரை பேசு" என்பான் எட்வின்
நான் தர்க்கம் பண்ணும்போதெல்லாம்.
முடிவில்லாமல் பேசிக்கொண்டே இரு,
ஒன்றும் மாறப்போவதில்லை என்று பொருள்.
அகராதியிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது.

ஆனால் எங்கள் மாடுகள்
தினமும் நாலேகாலுக்குத் திரும்பின,
மடி கனக்க, வயிற்றில் சேறு தெறிக்க,
ப்ராம்பிள் முன்னால்
மற்ற எழுபத்தொன்றும் அவள் வாலைப் பார்த்து.
எங்கள் வீட்டில் முடிவின்மை என்பது
நாலேகால் மணி.
அதற்குள் சண்டையை முடித்துவிட்டு
பூட்ஸ் மாட்டியாக வேண்டும்.

கம்ப்ரியாவில் எல்லோரும்
வாய்க்குள் ஒரு தொழுவம் வைத்திருக்கிறோம்.
பறப்பவனிடம், உன் குதிரைகளை இழுத்துப் பிடி என்போம்.
கொட்டும் மழையில்
பூனையும் நாயுமாகப் பெய்கிறது என்போம்.
லண்டனில் இன்ஷூரன்ஸ் விற்கப் போன
கொழுந்தன் வில்ஃப்
குடும்பத்தின் கறுப்பு ஆடு.
இந்த மலையின் ஹெர்ட்விக் குட்டிகள்
பிறக்கும்போது எல்லாமே கறுப்பு,
வளர வளரத்தான் நரைக்கும்.
அதை வில்ஃபிடம் யாரும் சொன்னதில்லை.

பிறகு அந்த வசந்தத்தில் கோமாரி வந்தது.
எங்களுக்கு வரவில்லை.
வேலிக்கு அப்பால், பர்க்கெட்டின் ஒரு கிடாய்க்கு
நாக்கில் கொப்புளம்.
அமைச்சகத்திலிருந்து வந்தவர்
சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து
பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்.
அவர் பேச்சில் ஒரு பிராணிகூட இல்லை.
அலகுகள் என்றார்.
அப்புறப்படுத்தல் என்றார்.
தேநீருக்கு நன்றி சொன்னார்.

காலை ஏழு மணிக்குத் தொடங்கினார்கள்.
ப்ராம்பிள் வழக்கம்போல முன்னால் வந்தாள்,
பால் கறக்கத்தான் என்று.

அடுத்த வாரம் மதுக்கடையில்
பேச்சு ஓரடி வைக்கும், நிற்கும்.
ஜாஸ் டிக்சன் எதற்கோ
"செத்த குதிரையைச் சாட்டையால்" என்று ஆரம்பித்து
கண்ணாடித் தம்ளரையே பார்த்தான்.
வீண் வேலை என்பதற்கு
அவனிடம் வேறு சொல் இருக்கவில்லை.
மாவிஸ் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து
"மழை" என்றாள். அவ்வளவுதான். மழை.

அறைக்குள் யானை என்று ஒன்று சொல்வோம்,
எல்லோர் கண்ணிலும் படும்,
யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.
எங்கள் அறையில் நின்றது யானை அல்ல.
ஃப்ரீசியன்.
எழுபத்திரண்டு.

வில்ஃப் போன் செய்தான்.
நஷ்ட ஈடு எவ்வளவு என்று கேட்பான்,
முதலைக் கண்ணீர் என்று திருப்பிச் சொல்லலாம் என
நாக்கைத் தீட்டி வைத்திருந்தேன்.
அவன் ப்ராம்பிளின் தாய் பெயரைச் சொன்னான்.
அதன் தாய் பெயரையும்.
அப்புறம் இருவரும்
கம்பியின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நாலேகாலுக்கு என் கை
தானாகப் பூட்ஸைத் தேடும்.
எட்வின் போய்க் கேட்டைத் திறந்து வைப்பான்.
இருட்டியதும் போய் மூடுவான்.
அந்தக் கோடை முழுக்க நாங்கள் சண்டை போட்டோம்,
நிலத்தை விற்பதா, பணத்தை என்ன செய்வது,
ஏன் அன்று அந்த மனிதருக்குத் தேநீர் கொடுத்தாய்.
ஒருமுறை அவன் "பேசு, மாடுகள்" என்றான்.
மிச்சத்தை விழுங்கினான்.
அகராதி சொன்ன பொருள்
எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்திருந்தது.

மறு ஆண்டு அக்டோபரில்
லங்காஷயரிலிருந்து லாரியில் நாற்பது கிடேரிகள் இறங்கின.
காதில் புது மஞ்சள் பட்டை.
எதற்கும் பெயர் வைக்கவில்லை.
வைக்க வேண்டாம் என்றேன் நான்.

முதல் மாலை. நாலேகால்.
ஒன்றும் வரவில்லை.
ஐந்து. ஐந்தரை.
கீழ்வயலின் கடைக்கோடியில்
எல்லாம் தெற்கே முகம் திருப்பி நின்றன,
எதையோ எதிர்பார்ப்பதுபோல.
டார்ச்சும் கழியுமாக இறங்கினோம்.
இருட்டு, முழங்கால்வரை சேறு.
நடுக்கேட்டை யார் சாத்தியது என்று
நான் ஆரம்பித்தேன்,
விடவில்லை,
போன மாதத்துக் கணக்கையும் சேர்த்து இழுத்தேன்.

டார்ச் வெளிச்சத்தில் ஒரு கிடேரி திரும்பிப் பார்த்தது.

"பேசு" என்றான் எட்வின்,
அதன் பின்புறத்தைத் தட்டி வழி காட்டியபடி.
"இன்னும் நேரம் இருக்கிறது."